முப்பத்தொன்றிலிருந்து நாற்பது வரை

கஜந்தினிக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்து, மொன்றியலுக்கு வந்து, இங்கே கேட்ட தொழில்நுட்பப் பாடங்களையெல்லாம் திரும்ப எழுதி, பிரெஞ்சுப் பரீட்சையிலும் ஒருவாறு கரையேறியவள். அவளுடைய சிக்கல் வேறு. எப்படிப் படிப்பது என்று தீர்மானிப்பது அவளுக்குப் படிப்பைவிடப் பிடித்திருந்தது.

மிஞ்சியிருந்தது ஒரேயொரு பரீட்சை. பொறியியலாளராகக் கையெழுத்திடும் உரிமையைத் தரும் பரீட்சை. அதில் கணக்கு இல்லை, சூத்திரம் இல்லை. சட்டமும் தொழில்நெறியும் மட்டும்தான். யாரிடம் எதைச் சொல்லவேண்டும், எதை மறைக்கக்கூடாது, எந்த வரைபடத்தின் கீழே பெயர் போடலாம் என்பது போன்ற கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்தால் போதும்.

போன இலையுதிர்காலத்தில் முதல் தடவை எழுதுவதற்கு முன் அவள் ஐந்து நிறங்களில் பேனா வாங்கினாள். சட்டத்துக்கு நீலம், நெறிக்குப் பச்சை. ஊதாவை எதற்குப் பாவிப்பது என்று முடிவு வராமல் ஒரு வாரம் போயிற்று. நேர அட்டவணை ஒன்று கீறிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். அது வடிவாக வந்ததால் இன்னொன்றும் கீறினாள். விடியப்புறம் எழும்பிப் படிப்பதுதான் நல்லது என்று ஒரு காணொளியில் யாரோ சொல்ல, அது உண்மையா என்று அறிய இரவிரவாக வேறு காணொளிகள் பார்த்தாள். பிறகு வில்லரே பகுதியில் ஒரு கபேயின் யன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாசித்த நாவல்களில் அந்நிய நகரங்களின் கபே யன்னலோரத்தில் தனியாக அமர்ந்தவர்களுக்கு ஏதாவது நடக்கும். கஜந்தினிக்குக் கால் விறைத்தது.

நாவல்கள்தான் அவளைக் கெடுத்தன. ஊரிலிருந்து வந்தபோது அவளுடைய பெட்டியில் பாதியிடத்தை மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் பிடித்திருந்தன. ரஷ்யா, கொலம்பியா, யப்பான் என்று எல்லா நாட்டுச் சனமும் தமிழில் துயரப்படும் புத்தகங்கள். அவற்றை வாசித்து வாசித்து, எதைப் பார்த்தாலும் பின்னால் ஒரு கதை தெரியும் வியாதி வந்துவிட்டது.

முதல் பரீட்சையில் ஒரு கேள்வி. பழைய பாலம் ஒன்றைப் பரிசோதிக்கும் பொறியியலாளர் தூணில் ஆபத்தான வெடிப்பைக் காண்கிறார். இப்போதைக்கு யாருக்கும் சொல்லவேண்டாம் என்கிறார் வாடிக்கையாளர். பொறியியலாளர் என்ன செய்யவேண்டும்? உரிய அதிகாரிகளுக்கு உடனே அறிவிக்கவேண்டும் என்று யாருக்கும் தெரியும். கஜந்தினிக்கோ அந்த மனிதரின் கோட்டுப் பையில் நடுங்கும் கை தெரிந்தது. வீட்டில் நோயாளி மனைவி. பாலத்துக்கு மேலே மெல்லப் பனி கொட்டத் தொடங்கியது. வாடிக்கையாளர் இவருடைய பள்ளிக்கூடத்து நண்பனாக இருக்கலாம். கடைசியில் 'வாடிக்கையாளரின் மனம் மாறும்வரை காத்திருப்பார்' என்ற விடையை, கண் கலங்கத் தெரிவுசெய்தாள்.

பெயில்.

"பாலம் விழுந்திட்டா புள்ள?" என்று கேட்டாள் அண்ணி அக்னெஸ். மட்டக்களப்புக்காரி, கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் சின்னப்பிள்ளைகளை மேய்ப்பவள். வீட்டில் இருப்பவர்களையும் அதே குரலில்தான் மேய்ப்பாள். அண்ணன் பிருந்தன் தொழிற்சாலையில் இரவு வேலை என்பதால் அந்த மேய்ச்சல் பெரும்பாலும் கஜந்தினியின் பங்குக்கே வந்தது.

சிரித்துவிட்டு விடக்கூடிய தோல்வியாக அது இருக்கவில்லை. சென்ட் லோரன்டில் அவள் வேலை செய்யும் கம்பனி, தொழிற்சாலைகளுக்குக் காற்றோட்டக் குழாய்கள் வடிவமைப்பது. அவள் வரைவாள், மிஸ்யூ லப்வான் என்ற மூத்த பொறியியலாளர் பார்த்து முத்திரை குத்துவார். எந்தக் கூரைக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் படத்தின் மூலையில் அவர் பெயர்தான். ஜூன் கடைசியில் லப்வான் ஓய்வு பெறுகிறார். மே மாதப் பரீட்சையில் சித்தியடைந்தால் அந்த இடம் அவளுக்கு என்று கம்பனியில் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். புதிதாக வருபவர் லப்வானைப் போலக் கிழவராக இருக்கப்போவதில்லை. அவருக்குக் கீழே எத்தனை வருடம் வரைந்துகொண்டிருப்பது என்று நினைத்தாலே கஜந்தினிக்குக் கை சோர்ந்தது.

"நீ தனியப் படிச்சுக் கிழிச்சது போதும். அரியரத்தினம் அண்ணையிட்டப் போ" என்றாள் அக்னெஸ்.

சென்ட் மிஷேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் அரியரத்தினம் அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு வைத்தார். காசு வாங்குவதில்லை. அவர் வந்த காலத்தில் பொறியியல் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருடக்கணக்காக உணவகத்தில் சட்டி கழுவியவர். பொறியியலாளர் அனுமதிப்பத்திரம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர அப்போது ஒருவரும் இருக்கவில்லை. எங்கட பிள்ளைகள் ஒருத்தரும் அப்படிக் கஷ்டப்படக்கூடாது என்பது அவருடைய கொள்கை. வழி யாழ்ப்பாணத்து வழிதான். ரியூசன், பழைய வினாத்தாள், பாடமாக்கல்.

ஒரேயொரு இடைஞ்சல், இந்தப் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள் கிடையாது. கேள்விகளை அவர்கள் வெளியே விடுவதில்லை. அண்ணை அதற்கும் வழி கண்டிருந்தார். பரீட்சைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒருவர் ஒன்றிலிருந்து பத்து வரையான கேள்விகளை ஞாபகம் வைக்கவேண்டும், அடுத்தவர் பதினொன்றிலிருந்து. முடிந்து வெளியே வந்ததும் அண்ணையின் கார் நிற்கும். அதில் ஏறிச் சூட்டோடு சூடாக ஒப்புவிக்கவேண்டும். அப்படிச் சேர்ந்தது இப்போது செங்கல் அளவில் ஒரு கட்டாக மேசையில் இருந்தது. அண்ணையின் மனைவி சுட்ட றோல்ஸும் பக்கத்தில் இருந்தது.

"உமக்கு முப்பத்தொண்டில இருந்து நாப்பது" என்றார் அண்ணை, கஜந்தினி கதிரையில் இருக்கமுன்னரே. "நடுப் பகுதி. எல்லாருக்கும் குடுக்கமாட்டன். உமக்கு வாசிச்ச மண்டை எண்டு பிருந்தன் சொன்னவர்."

அவளோடு மே மாதம் எழுதப்போகிற இன்னொருவன் அன்டன். திருகோணமலை, மின் பொறியியல். கேள்விக் கட்டை அவன் ஏற்கெனவே பாதி பாடமாக்கியிருந்தான். அன்று அவனே கேள்விகளை உரக்க வாசித்தான். நடுவில் திடீரென்று குரல் இறங்கியது.

"அண்ணை, இதைக் கேளுங்கோவன். 'பரீட்சை எழுதிய ஒருவர், தாம் ஞாபகத்தில் வைத்த கேள்விகளை அடுத்த முறை எழுதவிருக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறார். இது பற்றிச் சரியான கூற்று எது?'"

மேலே யாரோ நடந்த சத்தம் கேட்டது.

"விடை 'சீ'" என்றார் அண்ணை. "தொழில்நெறிக்கு முரணானது. எழுதுங்கோ."

"எழுதிறன் அண்ணை. ஆனா இந்தக் கேள்வியை ஆர் வெளியில கொண்டுவந்தது?"

"போன வருசம் சாம்பவன்."

"அதைப் பாடமாக்கேக்க அவனுக்கு ஒண்டும் தோன்றேல்லையே?"

"அவன்ர பங்கில வந்தது, கொண்டுவந்தான். நல்ல பிள்ளை."

"அப்ப நாங்கள் செய்யிறது?"

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்வியை வடிவா வாசி. நண்பர்களுக்கு எண்டெல்லோ கிடக்கு. நாங்கள் சொந்தக்காரர்."

அன்டன் விழுந்து விழுந்து சிரித்தான். கஜந்தினியும் சிரித்தாள். பரீட்சை தொடங்கமுன் திரையில் ஒரு உறுதிமொழி வரும், கேள்விகளை எவருக்கும் வெளியிடமாட்டேன் என்று. முதல் தடவை அதில் 'ஆம்' என்று அழுத்தியது அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்த இடத்தில் ஒரு நாவலின் நாயகி எழும்பி நின்று அமைதியான குரலில் நான்கு வசனம் பேசி, கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் நடந்திருப்பாள். கஜந்தினி அந்த நான்கு வசனங்களையும் மனதுக்குள் நன்றாகவே அமைத்தாள். அமைத்துக்கொண்டே இரண்டாவது றோல்ஸை எடுத்தாள். போகும்போது கட்டின் பிரதியையும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தை வாசித்தாள். மூடிவைத்தாள். திரும்ப எடுத்தாள். கட்டை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தாள். அரிசி எடுக்கப்போன அக்னெஸ் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன இது?"

கஜந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். தன் மனப் போராட்டத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னாள்.

"கேள் புள்ள. நீ படிக்கவும் மாட்டாய், களவு செய்யவும் மாட்டாய். ரெண்டில ஒண்டையாவது ஒழுங்காச் செய்" என்றாள் அக்னெஸ்.

மனச்சாட்சி உறுத்தியதால் கட்டை விட்டுவிட்டாள் என்று சொல்ல கஜந்தினிக்கும் ஆசைதான். பெரும்பங்கு பயம். கட்டைப் பாடமாக்கி எழுதும்போது திரையில் அந்தக் கேள்வியே வந்தால் தன் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தாள். அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நான் தனியப் படிச்சுப் பாக்கிறன். கட்டு எனக்குச் சரிவராது போல."

"பரவாயில்லை பிள்ளை. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு முறை" என்றார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல். "ஆனா முப்பத்தொண்டில இருந்து நாப்பது. அதை விட்டுடாதையும். நான் வெளியில நிப்பன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ஓம் அண்ணை" என்று வந்தது.

ஆக, களவில் வரும் லாபம் வேண்டாம், குற்றத்தில் மட்டும் பங்கு தாருங்கள் என்று கேட்டு வாங்கிய மாதிரி ஆயிற்று. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்ய எத்தனை வருடம் நாவல் வாசித்திருக்கவேண்டும் என்று அவளே வியந்தாள்.

இனி எப்படிப் படிப்பது? பேனாக்கள் காய்ந்துவிட்டன. விதிகளின் தொகுப்பான தொழில்நெறிக் கோவையைப் பிரெஞ்சில் வாசித்தால் மூன்றாம் வரியில் கண் வழுக்கியது. ஆங்கிலத்தில் வாசித்தால் ஐந்தாம் வரியில். ஒரு நாள் பஸ்ஸில், அந்நியர்கள் சொன்ன எதுவும் தமிழில் வந்தால்தான் தன் மண்டைக்குள் இறங்குகிறது என்ற உண்மை அவளுக்கு உறைத்தது. இத்தனை நாட்டு மனிதர்களையும் அவள் அப்படித்தான் அறிந்தாள். அப்படியானால் இதையும் மொழிபெயர்த்தால் என்ன?

முதலில் மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையை எழுதினாள். மூன்று பக்கம். இரவு முழுதும் திருத்தினாள். யாருக்குச் சமர்ப்பணம் என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அக்னெஸ் எட்டிப்பார்த்து, "புத்தகம் எப்ப வருது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் முதலாம் பிரிவுக்கு வந்தாள்.

வந்தபின் ஒரு அதிசயம் நடந்தது. மொழிபெயர்க்கும்போது கனவு காணமுடியவில்லை. 'பொறியியலாளர் அறிவிக்கவேண்டும்' என்று ஒரு வசனம் இருந்தால், அவருடைய மனைவிக்கு என்ன நோய் என்று அதில் இல்லை. இல்லாததை எழுதினால் அது மொழிபெயர்ப்பு ஆகாது. யார், யாருக்கு, எதை, எப்போது. ஒவ்வொரு வசனமும் இந்த நான்கையும் கேட்டு அவளுடைய கழுத்தைப் பிடித்தது. 'அறிவிக்கலாம்' என்று ஓரிடத்தில் எழுதிவிட்டு, மூலத்தைத் திரும்பப் பார்த்து, 'வேண்டும்' என்று திருத்தினாள். போன தடவை தன்னுடைய பாலம் எங்கே விழுந்தது என்று அப்போது விளங்கியது. சென்ட் லோரன்டுக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதினாள். சில நாள் ஒரு பிரிவு, சில நாள் ஒரு வசனம். பனி உருகி, தெருவெல்லாம் சேறாகி, காய்ந்தபோது கோவை முழுதும் தமிழில் இருந்தது. வாசிக்கச் சுவையே இல்லாத தமிழ். ஒரு துயரம்கூட இல்லை.

பரீட்சையன்று திரையில் உறுதிமொழி வந்தது. 'ஆம்' என்று அழுத்த விரல் கூசியது. அழுத்தினாள்.

முப்பது கேள்விகள் ஓடிப்போயின. முப்பத்தொன்றில் வண்டி நின்றது. கேள்வியை வாசித்தால், விடையைத் தேடுவதற்குப் பதிலாக மண்டை அதைப் பாடமாக்கத் தொடங்கியது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பொறியியலாளரின் துறை, வாடிக்கையாளரின் கட்டடம், நான்கு விடைகளின் ஒழுங்கு எல்லாம் உள்ளே போய்க் குந்திக்கொண்டன. ஒரு வாக்கைக் காப்பாற்ற இன்னொரு வாக்கை உடைப்பதா என்று அங்கேயே ஒரு நாவலைத் தொடங்கப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பஸ்ஸில் செய்ததையே செய்தாள். கேள்வியைத் தமிழில் முணுமுணுத்தாள். யார், யாருக்கு, எதை, எப்போது. பக்கத்து மேசைப் பெண் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நாற்பது தாண்டியதும் மூச்சு வந்தது. ஆனால் அந்தப் பத்தும் மண்டையை விட்டுப் போகவில்லை.

வெளியே அரியரத்தினம் அண்ணையின் கார் நின்றது. அன்டன் முன் ஆசனத்தில் கறுத்த முகத்தோடு இருந்தான். கஜந்தினி பின்னால் ஏறினாள். ஆசனத்தில் ஒரு பிளாஸ்க்கும், கடதாசியில் சுற்றிய றோல்ஸும்.

"ஒண்டும் வரேல்லை அண்ணை" என்றான் அன்டன். "கட்டில இருந்து ஒண்டுகூட வரேல்லை. எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்கள். எனக்கு முதலாவது கேள்வியோடயே தலை சுத்தத் தொடங்கியிட்டுது. என்ர பங்கில ரெண்டுதான் ஞாபகம், அதுவும் அரைகுறை."

அண்ணை கண்ணாடியில் கஜந்தினியைப் பார்த்தார். "அப்ப உம்மட பத்தும்தான் இனிக் கைமுதல். சொல்லும் பிள்ளை. முப்பத்தொண்டு."

"கஜந்தினி, நான் திரும்ப எழுதவேண்டி வரும்" என்றான் அன்டன், திரும்பாமல்.

இது எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. அவள் மனதில் அமைத்துவைத்த நான்கு வசனங்களில் ஒன்றுகூட வரவில்லை. "நான் சொல்லேல்லை அண்ணை" என்றாள். குரல் கீச்சென்று போயிற்று.

"மறந்து போச்சோ?" என்று மெதுவாகக் கேட்டார் அண்ணை. அதட்டவில்லை. ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுபோலக் கேட்டார். ஓம் என்றால் போதும். எல்லாரும் மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம்.

"இல்லை அண்ணை. பத்தும் ஞாபகம் இருக்கு. சொல்லமாட்டன் எண்டு உள்ளுக்க அழுத்திப்போட்டு வந்தனான். முதலே உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும். சொல்லப் பயந்திட்டன்."

பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

"சீற் பெல்ற்றைப் போடும்" என்றார் அண்ணை.

வீடுவரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் வானொலிகூடப் போடவில்லை. இறங்கும்போது றோல்ஸ் பொட்டலத்தைக் கையில் திணித்தார். அவள் அதை வீட்டில் வைத்துச் சாப்பிட்டாள். குற்ற உணர்ச்சி அவளுடைய பசியைக் கெடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

ஜூன் தொடக்கத்தில் முடிவு வந்தது. சித்தி. கம்பனியில் லப்வான் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, தன் அறையைப் பூட்டும் திறப்பை எடுத்துக் காட்டினார். அக்னெஸ் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "சரி, இனிப் பாலத்துப் பக்கம் போகாத. குழாயோட நில்" என்றாள்.

செய்தி பிருந்தன் வழியாகப் பரவி, பின்னேரம் வட்ஸ்அப் குழுவில் யாரோ கலியாணத்தில் எடுத்த கஜந்தினியின் படம் வந்தது. கீழே அரியரத்தினம் அண்ணை எழுதியிருந்தார்: 'எமது வகுப்பு உருவாக்கிய இன்னுமொரு பொறியியலாளர். வாழ்த்துகிறோம்.' பூங்கொத்துகள் குவிந்துகொண்டிருந்தன.

"வடிவான படம்" என்றாள் அக்னெஸ். "அந்த மனுசன் உனக்கு என்ன படிப்பிச்சவர்? றோல்ஸ் திண்ணவா?"

கஜந்தினி கோவையை மனதுக்குள் புரட்டினாள். அடுத்தவரின் வேலையைத் தன்னுடையது என்று சொல்லக்கூடாது என்று இருக்கிறது. தன்னுடைய வேலையை அடுத்தவர் எடுத்துக்கொண்டால் பேசாமல் இருக்கலாமா என்று இல்லை. ஆனால் அவரிடமிருந்து ஏற்கெனவே ஒரு தடவை பயத்தில் உண்மையை ஒளித்தாயிற்று. தொலைபேசியை எடுத்தாள்.

"சொல்லும் இஞ்சினியர்" என்றார் அண்ணை.

அப்படி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. சொல்லவந்தது ஒரு கணம் மறந்தே போயிற்று.

"அண்ணை, குறூப்பில போட்டது பிழை. உங்கட கட்டில நான் முதல் பக்கம்தான் பாத்தனான். மிச்சம் தனியப் படிச்சது. அதை அங்க எழுதப்போறன். உங்களுக்கு முதல் சொல்லவேணும் எண்டு எடுத்தன்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"அன்டன் பெயில்" என்றார் அவர். "கட்டு முழுக்கப் பாடமாக்கின பெடியன். புதுசாச் சேர்ப்பம் எண்டு மற்ற ஆக்களைக் கேட்டுப் பாத்தன். நீர் மாட்டன் எண்ட கதை அன்டன் மூலம் போயிட்டுது. இப்ப எல்லாருக்கும் மறதி வந்திட்டுது. என்ர வகுப்பை முடிச்சுப்போட்டீர் பிள்ளை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிக்கிறதைப் பேந்து பாப்பம். ஞாயிறு வாரும். அன்டனும் வேற ரெண்டு பேரும் வருகினம். நீர் படிச்ச விதத்தை அதுகளுக்குக் காட்டும். எழுதிறதை எழுதும். படத்தை மட்டும் எடுக்காதையும். நல்ல படம்."

கஜந்தினி செய்தியை எழுதினாள். தான் கட்டைப் படிக்கவில்லை, பரீட்சைக் கேள்விகளைச் சொல்லவுமில்லை, சொல்லவும் மாட்டேன், படிக்க உதவி வேண்டுமானால் ஞாயிறு வருவேன் என்று. கீழே பெயரைப் போட்டாள். பெயருக்குப் பின்னால், நீண்ட நாள் ஆசையோடு, 'பொறியியலாளர்' என்று சேர்த்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது. இரண்டு தடவை வாசித்தாள்.

அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை அந்தப் பட்டத்தைப் பெயரோடு சேர்க்கக்கூடாது. தமிழாக்கும்போது ஒரு முழுப் பஸ் பயணத்தைத் தின்ற பிரிவு அது.

சொல்லை அழித்தாள். வெறும் கஜந்தினியாக அனுப்பினாள்.